மைக்கில் சொன்ன பொய்

கடைத்தெருவில் அப்படியொரு கூட்டத்தைப் பார்த்து இரண்டு வருஷமாகிவிட்டது. ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகம் வந்ததிலிருந்து தெருவில் எல்லாரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் பெயிண்ட் கடைக்காரம்மா. அவள்தான் கடை கடையாக ஏறி இறங்கி, சிலரிடம் கெஞ்சி, சிலரிடம் சண்டை போட்டு, இந்த ஒரு நாள் தெரு விற்பனைக்கு எல்லாரையும் இழுத்து வந்திருந்தாள். வண்டிகள் நுழையாதபடி தெருவை அடைத்தார்கள். ஒரு முனையில் மேடை போட்டு மைக் கட்டினார்கள். நினைத்ததற்கு மேலேயே ஜனம் வந்து குவிந்தது.

ஆனால் அவளால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

மறுமுனையில் இருந்த செருப்புக் கடைதான் காரணம். அது அவள் அண்ணனுடையது. அப்பா விட்டுப்போன பழைய கட்டடம். கீழே கடை, மேலே காலி மாடி. முகப்புச் சுவரில் ஓடிய மெல்லிய விரிசல் விற்பனை நாளில் கண்ணை உறுத்துமே என்று, முந்தின நாள் அவளே ஏணி வைத்து ஏறிப் பட்டி பூசி மறைத்திருந்தாள். இப்போது வந்து பார்த்தால் பூசிய இடம் வாயைப் பிளந்து நின்றது. சுண்டுவிரல் தாராளமாக உள்ளே போயிற்று. நேற்றுவரை லேசாகத் திறந்த கண்ணாடிக் கதவு, இன்று தரையில் தட்டிப் பாதியில் நின்றது.

கடைக்குள் நிற்க இடமில்லை. பிள்ளைகளின் ஷூவுக்குப் பாதி விலை என்று அண்ணன் எழுதி ஒட்டியிருந்தான். எங்கே பார்த்தாலும் குழந்தைகள், அவர்களைப் பிடித்தபடி அம்மாக்கள்.

"அண்ணா, ஒரு நிமிஷம் வெளியே வா."

"இப்பவா? எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு."

"சுவர் நகருது அண்ணா. எல்லாரையும் வெளியே அனுப்பிடு."

அவன் கையிலிருந்த ஷூவை இறக்காமலே அவளைப் பார்த்தான். "மழை பெஞ்சா விரிசல் விடும், வெயில் அடிச்சா சேரும். அப்பா காலத்துலேர்ந்து இருக்கற விரிசல். என் கடையில நாலு பேர் ஏறினா உனக்குப் பொறுக்கலையா?"

அவளுக்குச் சுரீரென்றது. அண்ணி கல்லாவில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் மேலிருந்து ஒரு பிடி சுண்ணாம்புத் தூள் அட்டைப்பெட்டிகள் மேல் பொலபொலவென்று கொட்டியது. அண்ணன் அதைத் துணியால் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டான்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு ஓடினாள். சங்கத் தலைவர் மருந்துக்கடைக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். வருகிறோம் என்றார்கள். ஆனால் தெருவைச் சுற்றி வண்டிகள் அடைத்துக் கிடந்தன. தீயணைப்பு வண்டி எப்போது வந்து சேருமோ!

"மைக்கில சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

தலைவர் நெற்றியைத் துடைத்தார். "கட்டடம் விழுதுன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்தச் சந்துல ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து மிதிபட்டே செத்துப்போவாங்க. சுவர் விழாட்டியும் நாம கொன்னுடுவோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. தெருவை அடைத்ததும் அவள்தான், ஜனங்களை வரவழைத்ததும் அவள்தான்.

சட்டென்று மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கவனிங்க! நம்ம கடைத்தெரு சார்பில குழந்தைங்களுக்கு இலவசப் பரிசு! மேடைக்கு வர்ற ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு. ஓடாம, அம்மா அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க. யாருக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டோம்!"

தலைவர் மைக்கைக் கையால் பொத்தினார். "என்ன பரிசும்மா? நம்மகிட்ட ஒண்ணுமே இல்லையே!"

"அதை நீங்க பாத்துக்கங்க. நான் அங்க போறேன்."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டேஷனரிக் கடைக்காரரின் காதில் விஷயத்தைச் சொன்னார். அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கலர் பென்சில் பெட்டிகளை அட்டையோடு தூக்கி வந்து மேடையில் கொட்டினார். பொம்மைக் கடைக்காரர் பந்துகளை மூட்டையாக இழுத்து வந்தார். காதோடு காதாக விஷயம் போன இடத்திலெல்லாம் கடைக்காரர்கள் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தார்கள். இந்த விற்பனையே வீண் வேலை என்று சங்கக் கூட்டத்தில் கத்தின பாத்திரக் கடைக்காரர், குட்டி டம்ளர்களைக் கூடையோடு சுமந்து வந்தார்.

தெரு மெல்ல மேடைப் பக்கம் நகர்ந்தது. அந்த ஓட்டத்துக்கு எதிரே அவள் சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனாள்.

செருப்புக் கடை காலியாகிக்கொண்டிருந்தது. அண்ணனின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "என் வியாபாரத்தைக் கெடுத்துட்டல்ல? திருப்தியா?"

"திட்டறதை வெளியே வந்து திட்டு."

அண்ணி கல்லாவைப் பூட்டாமலே வெளியேறினாள். உள்ளே ஒரு பெரியவர் மட்டும் ஒரு காலில் புதுச் செருப்பும் மறு கால் வெறுங்காலுமாக உட்கார்ந்திருந்தார். காது மந்தம். அவள் அவரைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். "இன்னொரு செருப்பு?" என்று அவர் தேடினார். அப்போது மாடியில் எதுவோ படீரென்று முறிந்தது.

அண்ணன் தலை நிமிர்ந்தான். அவன் முகத்திலிருந்த கோபம் அப்படியே வழிந்து போனது. பெரியவரைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். தெருவின் எதிர்ப்பக்கம் சேர்வதற்குள், முகப்புச் சுவர் மாடியோடு சரிந்து இறங்கியது. தூசி அடங்கியபோது, தெறித்த கல் பட்டு அண்ணனின் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பெரியவர் தன் வெறுங்காலைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் சங்கம் கூடியது. பொய் சொல்லிக் கூட்டத்தை நகர்த்தியது சரியா என்று இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். பாத்திரக் கடைக்காரர் முறைத்ததும் அடங்கினார்கள். இடிபாட்டிலிருந்து மீட்ட செருப்புகளை விற்க ஒவ்வொரு கடையும் ஒரு தட்டு ஒதுக்குவது என்று முடிவானது. அண்ணன் உட்கார இடம் அவள் கடையில். அவன் வந்தான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "இந்தப் பெயிண்ட் நாத்தத்துல எப்படித்தான் உக்காந்திருக்கியோ" என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

தெருவில் மற்ற பழைய மாடிகளையும் பொறியாளரைக் கூட்டிவந்து பார்ப்பது என்றும் தீர்மானம். மூன்றாவது கட்டடத்திலேயே சிக்கல். துணிக்கடை முதலாளி மாடிக் கதவைத் திறக்க மறுத்தார். "என் கட்டடம் பாறை மாதிரி நிக்குது. எவனும் ஏற வேண்டாம்."

தலைவர் சொல்லிப் பார்த்தார். அவள் சொல்லிப் பார்த்தாள். முதலாளி மசியவில்லை. போதாததற்குக் கடைக்குள் ஜனம் துணி பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டுப்போட்ட கையோடு அண்ணன் அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தான்.

"நீ சும்மா இரு. இவர்கிட்ட நான் பேசறேன்" என்று சொல்லி, முதலாளிக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.