கம்பெனிக்கு ரெண்டு வாய்

எடை மெஷின் பொய் சொல்கிறது என்று அவள் அன்று மூன்றாவது தடவையாக முடிவு செய்தாள். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் வாசலில்தான் அது இருந்தது. மகளை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தாள். அவள் எடையை அது சரியாகவே காட்டியது, அதுவும் ஒரு எரிச்சல். மறுபடி மகளை ஏற்றினாள். போன சனிக்கிழமையைவிட நானூறு கிராம் கூடுதல்.

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள் குட்டி.

"மூச்சுக்கு எடை கிடையாது. இறங்கு."

குட்டிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரமும் எடையும் பார்த்தபோது இவளை மட்டும் தனியாக எழுதி டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எல்லையில நிக்குதும்மா. இன்னும் ஒண்ணும் ஆகிடல. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். சாப்பாட்டைச் சரி பண்ணுங்க, ஓடி ஆட விடுங்க. இவளுக்கு மட்டும் இல்ல, மொத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். இப்ப விட்டுட்டா அப்புறம் மாத்திரைதான்" என்றார்.

மாத்திரை என்ற வார்த்தையை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது காதோடு போயிருக்கும். இவள் பதினொரு வருடமாக அந்த மாத்திரை அட்டையைத்தான் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். காலில் கட்டோடு வருகிறவர்கள், சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத அளவுக்குக் கண் மங்கியவர்கள், எல்லோரையும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள். அந்தச் சீட்டில் மகளின் பெயர் வர விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

அன்றே வீட்டில் போரை ஆரம்பித்துவிட்டாள். பிஸ்கட் டப்பா காலி. பாட்டில் பானம் குடிக்கிறவர்கள் தெருவில் நின்று குடித்துவிட்டு வரலாம் என்று அறிவித்தாள். பள்ளிக்குக் கொடுத்து அனுப்பும் டப்பாவில் பாதிக்குக் காய். ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி வந்து, தினமும் மொட்டை மாடியில் நூறு தடவை குதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். தன் கண் முன்னால் ஒரு துண்டு இனிப்புகூட அவள் வாய்க்குப் போகாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டு மாதம் முடிந்திருந்தது. மெஷினோ நானூறு கிராம் கூடுதல் என்கிறது!

"சாயங்காலம் என்னடி சாப்பிடுற?" என்று தினமும் கேட்பாள்.

"அப்பாகூட ரெண்டு வாய்" என்பாள் குட்டி. மறைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. "அத்தைகூட ரெண்டு வாய்."

அம்மாவும் அதோடு விட்டுவிடுவாள். ரெண்டு வாய் என்பது அந்த வீட்டில் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. அதைப் போய் யாராவது அளப்பார்களா?

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்குள் தண்ணீர்க் குழாய் உடைந்து, மருந்துப் பெட்டிகளையெல்லாம் மேலே தூக்கி வைத்துவிட்டு முதலாளி மூன்றரை மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டார். வழக்கமாக எட்டு மணிக்கு வருகிறவள் நாலு மணிக்கு வீட்டுப் படியேறினாள்.

சமையலறையில் அவள் கணவர் காக்கிச் சட்டையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர். விடியற்காலை ஷிப்ட் முடிந்து வந்து நாலு மணிக்குத்தான் மதியச் சாப்பாடு. பக்கத்தில் குட்டி, அவளுக்கும் ஒரு தட்டு, தட்டில் அவருக்குச் சமமாகச் சோறு. வகுப்பில் யாரோ யாருடைய பென்சில் பெட்டியையோ ஒளித்துவைத்த கதையைக் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, "அடப்பாவமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

"தனியாச் சாப்பிட்டா இறங்க மாட்டேங்குது. சும்மா கம்பெனிக்கு ரெண்டு வாய் சாப்பிடுறா" என்றார் அவர், சர்வ சாதாரணமாக.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போய் முன்னறையில் உட்கார்ந்தாள். மிச்சத்தையும் பார்த்துவிட்டே பேசுவது என்று முடிவு. ஐந்தரைக்கு அவர்களோடு இருக்கும் அண்ணி, அதாவது கணவரின் அக்கா, குளித்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், நைட் டியூட்டி. கிளம்புமுன் சாப்பிடுவார்.

"குட்டி, வாடா கண்ணு. அத்தைக்குக் கம்பெனி குடு."

குட்டி ஓடினாள். கழுவி வைத்த அதே தட்டு மறுபடி இறங்கியது. மூன்று ரொட்டி, இரண்டு முட்டை.

"போதும், நிறுத்துங்க!" முன்னறையிலிருந்து அவள் போட்ட சத்தத்தில் குட்டியின் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. "காலையில ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு, அஞ்சரைக்கு ஒண்ணு, எட்டரைக்கு என்கூட ஒண்ணு. அஞ்சு வேளை! நான் என்னடான்னா பிஸ்கட் டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு மெஷின் ரிப்பேருன்னு திட்டிக்கிட்டு இருக்கேன்."

"எனக்கு இவன் குடுக்கிறது தெரியாதும்மா" என்றார் அண்ணி, தம்பி படுத்திருந்த அறையைக் கைகாட்டி. "நான் வர்றப்ப அவன் தூங்கிட்டு இருப்பான்."

"எனக்கு மட்டும் நீ குடுக்கிறது தெரியுமாக்கா?" என்று எழுந்து வந்தார் தம்பி. "எல்லாம் சரி, ராத்திரி இவ உக்கார வெச்சு ஊட்டுறா, அதைக் கேளு."

"அது சாப்பாடுங்க!"

"அப்ப எங்களோடது என்ன, வைக்கோலா?"

பஸ் ஓட்டத் தெரியும், நோயாளிக்கு ஊசி போடத் தெரியும், ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுகிறது என்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தனக்கும் தெரியவில்லை என்பதை அவள் அப்போது சேர்த்துக்கொள்ளவில்லை. கோபத்தில் சட்டம் போட்டாள். இனிமேல் கம்பெனி கிடையாது. நாலு மணிக்கு ஒரு பழம், எட்டரை மணிக்குச் சாப்பாடு, நடுவில் கயிறு. இரண்டு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சரி என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை மெஷின் முன்னூறு கிராம் இறங்கியது. கவுண்டரில் நின்ற வாடிக்கையாளரிடம்கூடச் சொல்லிச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அதை அவள் கவனித்தாள், ஆனால் பசியாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. கடை லீவு. டிரைவருக்கும் நர்ஸுக்கும் ஞாயிறு ஏது? நாலு மணிக்கு அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தார். குட்டி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க நிக்காதம்மா, அம்மா திட்டுவா. மாடியில போய்க் கயிறு ஆடு" என்றார்.

மாடியில் கயிறு தரையில் அடிபடும் சத்தம் தனியாகக் கேட்டது. பதினெட்டோ இருபதோ, நின்றுவிட்டது. இறங்கி வந்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, எங்க கிளாஸ்ல..." என்று ஆரம்பித்தாள். "நிறைய வேலை கிடக்குடி, அப்புறமாச் சொல்லு" என்றாள் அம்மா. ஐந்தரைக்கு அத்தை சாப்பிட உட்கார்ந்தார். "போய்ப் படி கண்ணு" என்றார் அவரும், சட்டத்தை மதித்து.

கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்குள் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு அம்மா போய்ப் பார்த்தாள். அத்தைக்குப் பக்கத்தில் குட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் தட்டு.

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "மறுபடியும் தட்டா? எத்தனை தடவைடி சொல்றது உனக்கு? இந்த வீட்டுல நான் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தணும், நீங்க..."

"நான் ஒண்ணும் போடலம்மா" என்றார் அத்தை பதறி. "நீயே பாரு."

தட்டு காலியாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. பசிக்கல" என்றாள் குட்டி. "சும்மா வெச்சிருக்கேன்."

"காலித் தட்டை எதுக்குடி சும்மா வெச்சிருக்க?"

"தட்டு இருந்தா யாரும் எழுந்து போன்னு சொல்ல மாட்டாங்க."

அத்தை தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வாசல் பக்கம் வந்த டிரைவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு மாதமாக யார் மேலெல்லாமோ எரிந்து விழுந்துகொண்டிருந்த அம்மாவுக்கு இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. துணி மடித்த கை அவளுடையதுதான். இந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு ஐந்து தடவை சாப்பிட்டதில் பசிக்காகச் சாப்பிட்டது எத்தனை என்று நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

"அண்ணி, டியூட்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்மா."

"இன்னிக்கு பஸ் வேணாம். ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போவோம். எல்லாரும். என்னங்க, செருப்பைப் போடுங்க."

"நானா? நாள் பூரா..."

"நாள் பூரா உக்காந்துதானே ஓட்டுனீங்க? போடுங்க."

நாலு பேரும் இறங்கி நடந்தார்கள். முதல் திருப்பத்திலேயே டிரைவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு நாளும் இவ்வளவு தூரம் நடந்ததில்லை, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்த்தான் பழக்கம் என்று அலுத்துக்கொண்டார். அண்ணி சிரித்தார். குட்டி மூன்று பேருக்கும் நடுவில் புகுந்து, முன்னால் ஓடி, பின்னால் நடந்து, பேசினாள். பென்சில் பெட்டியை ஒளித்தவள் யார், அவளோடு பேசாமலிருப்பவர்கள் யார் யார், அதில் டீச்சர் யார் பக்கம். அத்தையை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுத் திரும்பியபோதும் பேச்சு நிற்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அது எப்படி வரும் என்று அம்மாவுக்குத் தெரியாது. குதிகால் வலித்தது, மடிக்காத துணி அப்படியே கிடந்தது, நாளைக்குக் கடையில் ஸ்டாக் எடுக்க வேண்டும். பென்சில் பெட்டியோ நாற்பது நிமிடமாகியும் கிடைத்தபாடில்லை. தலை விண்விண்ணென்று தெறித்தது. கொஞ்ச நேரம் வாயை மூடுடி என்று தொண்டை வரை வந்துவிட்டது.

அதை விழுங்கிவிட்டு, "அப்புறம்?" என்றாள்.