மண்ணோடு இறங்கி வந்த பூ

மலை சரிந்து பல மாதம் கழித்துத்தான், தேயிலைத் தோட்டத்தில் தாங்கள் குடியிருந்த லயத்தின் இடத்தைப் போய்ப் பார்க்கப் பூரணிக்குத் துணிவு வந்தது. துணைக்கு மதினி நாகலெட்சுமியும் வந்தாள். மழை கொட்டிய அன்று மலை முனகியதைக் கேட்டுக் கோயிலுக்கு ஓடியதால் எல்லாரும் உயிர் தப்பினார்கள். லயத்தில் வரிசையாக இருந்த காம்பரா வீடுகள் மொத்தமும் மண்ணுக்குள் போய்விட்டன.

மொட்டை மண்ணைத்தான் பார்க்கப் போகிறோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு அக்கரப்பத்தனை பஸ்ஸை விட்டிறங்கி மேட்டில் ஏறியவர்கள், திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். பூரணியின் அடுப்படி இருந்த இடத்திலிருந்து ஓடை வரைக்கும் பூ. ரோஜா நிறமும் ஊதாவும் கலந்த உருண்டைப் பூக்கள்.

"என்னா பூ மதினி இது?"

"மூணு எல இருக்கு. புளியாரையா இருக்கும்."

பூரணி ஓர் இலையைக் கிள்ளி மென்றாள். புளிப்பே இல்லை. புளியாரை இலை நுனியில் பிளந்திருக்கும். இதில் பிளவும் இல்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் திருநீற்று விரல் பட்டது போல வெளிறிய கீற்று.

"தொரை பங்களா புல்லுல வெள்ளையா பூக்குமே, அதுங்களா?"

"அது தரையோட படரும்ல. இது நிமுந்து நிக்குது. பூவுக்கு அடியிலயே எல ஒட்டியிருக்கு, பாரு. தண்டெல்லாம் மயிரு."

பூரணி போனில் படம் பிடித்துத் தேடினாள். 'ரெட் குளோவர்' என்று வந்தது. சரிந்த மண்ணிலும் வெட்டிப்போட்ட மண்ணிலும் தானாக முளைக்குமாம். அவரை, பயற்றுக்குச் சொந்தமாம். மாட்டுத் தீவனத்துக்கென்று விதைப்பதும் உண்டாம்.

தண்ணீர் அரித்துச் சாய்த்திருந்த ஒரு செடியை நாகலெட்சுமி தூக்கிப் பார்த்தாள். வேரில் கடுகு கடுகாய் முடிச்சுகள். "சரியாத்தான் சொல்லுது. நம்ம போஞ்சி அவரை வேருலயும் இப்புடித்தான் இருக்கும்."

"யாரு வெதச்சிருப்பா?"

கேட்டுவிட்டுப் பூரணியே அண்ணாந்து பார்த்தாள். சரிவு தொடங்கிய உச்சியில், எப்போதோ கைவிட்ட மாட்டுப் பட்டியின் வேலியோரம் அதே நிறம். வீட்டை மூடிய மண்ணுக்குள்தான் இந்த விதையும் உருண்டு வந்திருக்கிறது. அத்தனை பாறைக்கும் சேற்றுக்கும் நடுவில் நசுங்காமல் கிடந்து, வெயிலைக் கண்டதும் எழுந்திருக்கிறது.

அவளுக்குக் கையெல்லாம் மயிர் கூச்செறிந்தது.

நாகலெட்சுமி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மிதிபடாமல் உட்கார இடம் தேடினாள். பூக்காடு முழுவதும் தேனீக்களின் ரீங்காரம். பனிமூட்டம் இறங்கி ஓடையை மறைக்கும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.