மாயம்மாள் சொன்ன சூடு

ரூபியின் பெட்டியில் ஒட்டியிருந்த, சூடு காட்டும் மீட்டர் முப்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. மாயம்மாள் போனை வாயருகே வைத்துக்கொண்டு, "முப்பத்தஞ்சு ஏறிருச்சு மோனே, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்று சொல்லி அனுப்பினாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி போடாமலே அந்த எண் எனக்குத் தெரிந்தது. என்னடி இது என்பதுபோல அவளைப் பார்த்தேன். அவள் என் பக்கமே திரும்பாமல், முந்தானையால் போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் மகன் பிரதீஷ் போலந்து நாட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. பெயர் மலையாளம், படிப்பு மலையாளம், எங்களிடம் பேசுவது மட்டும் தமிழ், அதிலும் பாதி மலையாளம். போவதற்கு முன்னால் இங்கே கொச்சியில், கலூரில் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தான். அங்கிருந்து ஒரு நாள் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தவள்தான் ரூபி. சோளப்பாம்பு என்று சாதிப் பெயர். அமெரிக்காவில் சோளக் கிடங்குகளில் எலி பிடித்துத் திரியுமாம். செம்மண்ணில் குங்குமத்தைக் கொட்டினாற்போல நிறம், விஷம் கிடையாது. அரசாங்கத்தில் பதிவு செய்த காகிதம்கூட அவள் பெயரில் இருக்கிறது. நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு இன்றுவரை அப்படியொரு காகிதம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நான் கொச்சி கார்ப்பரேஷனில் சாக்கடை சுத்தம் செய்து ஓய்வு பெற்றவன். பாம்பு என்றால் எனக்குக் கதி கலங்கும். வேலை பார்த்த காலத்தில் கல்லிடுக்கிலிருந்து எத்தனையோ பாம்புகள் என் கால்மேல் ஏறிப் போயிருக்கின்றன. அப்போதெல்லாம் அடித்தேன், ஓடினேன், இரண்டும் செய்திருக்கிறேன். வீட்டுக்குள் பாம்பை வைத்துச் சோறு போடுவேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அவனையே அடித்திருப்பேன். பிரதீஷ் விமானம் ஏறும்போது, "அம்மா, ரூபியை நோக்கிக்கோ" என்று மட்டும்தான் சொன்னான். மாயம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். "பாம்ப விட்டுட்டுப் போறவன் வராமலா இருப்பான்? அதுக்காகவாவது வருவாம்ல" என்று எங்கள் கீழ்வீட்டுக்காரி கமலாக்ஷியிடம் அவள் சொன்னதை நானே கேட்டேன்.

முதலில் அவன் தினமும் கூப்பிட்டான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், குளிரா, குளிர். அதற்குமேல் எங்களுக்குள் பேச என்ன இருந்தது? அவன் அடுக்கும் பெட்டிகளைப் பற்றி எங்களுக்குத் தெரியாது, எங்கள் குழாயில் தண்ணீர் வராதது அவனுக்கு வேண்டாம். நாள்பட வாரம் ஒன்றாயிற்று, பிறகு அதுவும் தள்ளிப்போயிற்று. நாங்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. டியூட்டி என்பான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். என் அப்பாவுக்கு நான் மாதம் ஒரு கடுதாசி போட்டவன், அதிலும் ஊர் மழையைத்தான் விசாரித்திருக்கிறேன்.

அப்புறம் இந்த வருஷத்து வெயில் வந்தது. மாசி பிறக்கும்போதே மட்டாஞ்சேரி வேகத் தொடங்கிவிட்டது. காயல் பக்கத்தில் இருந்து என்ன? பஜார் ரோட்டுக்குப் பின்னால் கமலாக்ஷி வீட்டு மாடியில், தகரக் கூரைக்கு அடியில் எங்கள் அறை. உடம்பில் வேர்வை காயாது, கொடியில் துணி காயாது. பிரதீஷ் செய்தியில் பார்த்திருக்கிறான், தானே கூப்பிட்டான். ரூபிக்கு முப்பத்திரண்டுக்கு மேல் போகக் கூடாது, பெட்டியில் ஒரு பக்கம் இளஞ்சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் வேண்டும், எங்கே கிடப்பது என்பதை அவளே பார்த்துக்கொள்வாள் என்றான். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒரு ஓரமாகச் சாய்த்து வைக்க வேண்டும். குடிக்கவும் கிடக்கவும் அகலமான கிண்ணத்தில் தண்ணீர். ஏற்கெனவே எங்கள் ஃப்ரீசரில் மத்தி ஒரு பக்கம், ரூபிக்கான எலிக்குட்டிகள் ஒரு பக்கம். இப்போது பாட்டில்களும் சேர்ந்தன. மத்திக்கு இடம் போயிற்று.

பகலில் மாடி தாங்காது என்று தெரிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் படிக்குக் கீழே இறங்கினேன். அங்கே நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் தரை சில்லென்று இருக்கும். ஆனால் தெருப்பூனைகள் வரும். அதனால் காலைச் சாயா முடிந்ததும் நான் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வெயில் தாழ்ந்த பிறகுதான் மேலே போவது. பாம்புக்குக் காவல். போகிற வருகிறவர்கள் கேலி செய்தார்கள். "ஐயாசாமியண்ணனுக்குப் புதிய டியூட்டி கிட்டிச்சு" என்று கமலாக்ஷி சிரித்தாள். எனக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை. பிரதீஷ் காலையும் மாலையும் கூப்பிட்டான். கேமராவைப் பெட்டிப் பக்கம் திருப்பச் சொல்வான், மீட்டரின் எண் அவனுக்குத் திரையில் தெளியாததால் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்பான், பாட்டில் மாற்றினாயா என்று கேட்பான். அவன் முகம் திரையில் ஒரு மூலையில் தெரியும். தாடி வளர்த்திருந்தான், மெலிந்திருந்தான். மாயம்மாள் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள்.

ஒரு சாயங்காலம் கோடை மழை கொட்டியது. ஊரே வெளியே வந்து நனைந்தது. மாயம்மாள் மட்டும் படியில் உட்கார்ந்து மழையைத் திட்டினாள். அவள் பயந்தபடியே மறுநாள் போன் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள்தான் அவள் முதல் பொய்யைச் சொன்னாள், மழை பெய்தும் சூடு இறங்கவில்லை என்று. உடனே கூப்பிட்டான். அதிலிருந்து மீட்டர் ஒன்று காட்டும், மாயம்மாள் ஒன்று சொல்வாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் அவன் குரல் வேண்டியிருந்தது.

அப்படியிருக்க ஒரு நாள் எனக்கு எர்ணாகுளத்தில் சர்க்காராஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. பெட்டியை மாடியிலேயே விட்டுவிட்டு, ஃபேன் போட்டுவைக்க மாயம்மாளிடம் சொல்லிப் போனேன். வெயில் உச்சத்துக்கு வரும் நேரத்தில் மின்சாரம் போயிருக்கிறது. பாட்டில்கள் எல்லாம் தண்ணீராகிவிட்டன. அவளால் பெட்டியைத் தனியாகத் தூக்கிப் படியிறங்க முடியாது, கமலாக்ஷி பாம்பைத் தொடமாட்டாள். அப்போதுதான் மாயம்மாளுக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. அவள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. அங்கே சித்திரை வெயிலில் கோணிச்சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டுவார்கள், பானைக்குச் சுற்றுவார்கள். அந்த வறண்ட காற்று சாக்கிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு குளுகுளுவென்று உள்ளே வரும். அவளும் அரிசிச் சாக்கை நனைத்து, காற்றுத்துளைகள் உள்ள மூடியின் மேலே போட்டு, நாலு பக்கமும் இறக்கிவிட்டாள். குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாது என்று திறந்தும் பார்க்கவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷம் இந்த ஊரில் வேர்த்தவள், ஆனாலும் அவள் புத்தியில் வெயில் என்றால் இன்னமும் அந்த ஊர் வெயில்தான். இங்கே காற்றே நனைந்து கிடக்கிறது, சாக்கிலுள்ள ஈரம் எங்கே போகும்?

நான் வந்து சாக்கைத் தூக்கியபோது புட்டுக்குற்றியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. மீட்டரில் முப்பத்தெட்டு. ரூபி வயிறு பாதி மேலே தெரிய மல்லாந்து, வாயைத் திறந்து கிடந்தாள். மாயம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நனைச்சுத்தானங்க போட்டேன்... நல்லா நனைச்சுப் போட்டேன்..."

"அவனைக் கூப்பிடுடி!"

நான் அதுவரை ரூபியைத் தொட்டதில்லை. அன்று யோசிக்கவே நேரமில்லை. கையை விட்டு அள்ளினேன். ஈரக் கயிறுபோலத் தொங்கினாள். படியிறங்கி ஓடினேன். பின்னால் மாயம்மாள் போனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிரதீஷ் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அப்பா, ஐஸ் போடாதே! அப்பா, கேக்குதா? சாதா பச்சத் தண்ணி. பேசின்ல விட்டு உடம்பு மட்டும் முங்கட்டும், தலையை மேலே பிடி. அப்பா, மெதுவா... அப்பா, வாய்ல தண்ணி போகாம நோக்கு."

எத்தனை அப்பா! அவன் பிறந்ததிலிருந்து அத்தனை முறை என்னைக் கூப்பிட்டிருப்பானா என்று தெரியவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, விரல் நுனியில் பாம்பின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போயிற்று. அவள் செத்துவிடக் கூடாது என்று நான் வேண்டாத தெய்வமில்லை. செத்தால் இந்தக் குரலும் போய்விடும், எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. கடைசியில் என் கட்டைவிரல்மேல் ஏதோ மயிரிழைபோலப் பட்டது. நாக்கை நீட்டியிருந்தாள்.

அன்று பிரதீஷ் வெகுநேரம் போனை வைக்கவே இல்லை. ரூபி சுருண்டு படுத்த பிறகும் பேசினான். நாலைந்து நாளைக்கு எலி கொடுக்க வேண்டாம் என்றான். பிறகு அம்மா என்ன சமைத்தாள் என்று கேட்டான், எனக்குப் பாம்பு பயம் போய்விட்டதா என்று கேட்டுச் சிரித்தான். அவன் அறையின் ஜன்னலைக் காட்டினான், வெளியே இலையில்லாத ஒரு மரம் நின்றது. மாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த மரத்தைப் பற்றி என்னவெல்லாமோ கேட்டாள். அவன் வைத்த பிறகு எனக்குச் சாயா போட்டுத் தந்து, "நாளைக்கும் கூப்பிடுவான்" என்றாள்.

கூப்பிட்டான். குரல் வேறு மாதிரி இருந்தது, இரவு முழுக்க யோசித்திருக்கிறான் போல.

"அம்மா, கலூர்ல நம்ம கடையில கூட ஜோலி பண்ணின பிஜு இல்லே? அவன்கிட்ட சொல்லியிருக்கேன். அவன் வீட்ல ஏசி ரூம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து ரூபியை எடுத்துப்பான். பேப்பரும் அவன் பேருக்கு மாத்தியாச்சு."

"நீ வர்ற வரைக்குமா?"

"நான் எங்க வர? இங்கே புதுசா கான்ட்ராக்ட் போட்டிருக்கேன். அவனே வச்சுக்கட்டும்."

மாயம்மாள் என்னைப் பார்த்தாள். "எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லடா மோனே. யாரு சொன்னா கஷ்டம்னு?"

"நீயேதான் அம்மா. டெய்லி முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, கையும் ஓடல காலும் ஓடலன்னு. பாவம், நிங்களால பற்றாது, தாங்க முடியாது."

நான் போனை வாங்கினேன். "சூடு அவ்வளவெல்லாம் இல்லடா. கீழே முப்பதுதான் காட்டும். உங்கம்மா கூட்டித்தான் சொன்னா. உன்னைப் பேசவைக்கத்தான்..."

"அப்பா, ரூபி வாயைத் திறந்து கிடந்ததை நான் கண்டதல்லவா?" என்றான் பொறுமையாக. சின்னப்பிள்ளையிடம் பேசுகிற பொறுமை. கோணிச்சாக்கின் கதையைச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் குளித்து, இஸ்திரி போட்ட மஞ்சள் சேலையைக் கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டாள். பெட்டியைக் கைமாற்றும்போது பிரதீஷ் வீடியோவில் வருவான் என்று பிஜு சொல்லியிருந்தான். எங்கள் போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, பெட்டிக்கு அருகே ஜன்னல் விளிம்பில் நிறுத்திவைத்தாள். நானும் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

பிஜு நல்ல பையன். செருப்பை வாசலில் விட்டு வந்தான், கொடுத்த சாயாவைக் குடித்தான். "அம்மா பேடிக்க வேண்டா, பயமே வேண்டா, நான் பொன்னுபோல நோக்கிக்கிறேன்" என்றான். ரூபிக்கு வெள்ளிக்கிழமை எலிதான் பிடிக்கும், அதாவது வெள்ளிக்கிழமை போட்டால்தான் தின்பாள் என்று மாயம்மாள் சொல்ல, அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

அப்போது போன் அடித்தது. மாயம்மாள் ஜன்னலுக்குத் தாவினாள். ஆனால் அடித்தது பிஜுவின் சட்டைப்பையில்.

பிஜு எடுத்துப் பேசினான். "எடா பிரதீஷே!" என்று தொடங்கி இருவரும் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிரதீஷ் அப்படி வாய்விட்டுச் சிரிப்பான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மாயம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு, ரூபிக்கும் ஜன்னலுக்கும் நடுவே வந்து நின்றாள். பிஜு போனைத் திருப்பிக் காட்டினான். அவள் சிரித்தபடி கையைத் தூக்கினாள்.

"அம்மா, கொஞ்சம் மாறி நில்லு" என்றது போனிலிருந்து குரல். "வெளிச்சத்தை மறைக்கிறே. ரூபியைக் காணல."

அவள் தூக்கிய கையை இறக்கி, சுவரோரமாக நகர்ந்தாள். போதுமோ போதாதோ என்று இன்னும் ஒரு அடி தள்ளி, துணி போடும் கொடிக்கு அடியில் ஒண்டிக்கொண்டாள். ஜன்னல் வெயில் நேராகப் பெட்டிக்குள் விழுந்தது. ரூபி மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"ஆ, இப்போ நல்லாத் தெரியுது" என்றான் பிரதீஷ்.