மார்க் குறைஞ்சிடும்

கணக்கு டீச்சரின் வீட்டுக்காரர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கியவர் அதில் ஒரு கடிதம் அடித்தாரா, ஒரு படமாவது பார்த்தாரா என்றால் இல்லை. ப்ராசஸரின் பெயரையும் வேகத்தையும் காட்டுகிற மென்பொருள் ஒன்றை இறக்கிவைத்துக்கொண்டு, பல் விளக்கும் முன்பே அதைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். நேற்றிருந்த அதே பெயர்தான் இன்றும் இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக யாரும் அதற்கு வேறு பெயர் சூட்டிவிடவில்லை. ஆனாலும் வாய்விட்டுப் படித்துப் பூரிப்பார். அடுத்து வேகச் சோதனை. ஓடி முடிந்ததும் மார்க் விழும்.

"இங்க வாயேன்! நேத்தைவிட ஏறியிருக்கு!"

"எது ஏறியிருக்கு?"

"வேகம்மா, வேகம்!"

எங்கே போவதற்கு இத்தனை வேகம் என்று அவளுக்கு விளங்கவில்லை. வீட்டைவிட்டு ஓடவா போகிறது அது?

பரீட்சை நெருங்கியது. "கொஞ்சம் எந்திரிங்க, வினாத்தாள் அடிக்கணும்" என்றாள்.

"ஐயையோ, சோதனை ஓடுது! வேற எதையாவது தொறந்தா மார்க் குறைஞ்சிடும்."

சூடேறினாலும் குறையுமாம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குக் காற்று, கட்டினவளுக்கு வேர்வை.

இத்தனையும் அவளுடைய அண்ணனை ஜெயிக்க. அவரும் அதே மாதிரி ஒன்று வாங்கி, அதே சோதனையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் மச்சானும் மாப்பிள்ளையும் போனில் மார்க் ஒப்பிப்பார்கள். நரைத்த தலைகள்.

அந்த ஞாயிறும் போன் வந்தது. வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டு, திரையில் இருந்த எண்ணோடு தாராளமாகக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்.

"அவ்வளவுதானா மாப்ள?" என்றார் அண்ணன். "இப்பதான் ஓட்டிட்டு வந்து பேசுறேன். உங்களத் தாண்டிடுச்சு!"

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் போனருகே வந்தாள்.

"அண்ணா, ரிப்பேர் கடையில இருந்து வந்துடுச்சா?"

"எது?"

"கம்ப்யூட்டர்தான். வேகத்த ஏத்துறேன்னு எதையோ மாத்தி, புகைஞ்சு போச்சாமே. இன்னும் கடையிலதான் கிடக்குன்னு காலைல அண்ணி சொன்னாங்க."

மறுமுனையில் அண்ணன், "லைன் சரியா கேக்கலம்மா" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா உங்க அண்ணன! வாயத் தொறந்தா பொய்!"

அவள் திரையில் இருந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள். "நீங்க சொன்னது இது இல்லையே?"

"அது... முழு எண்ணா இருக்கட்டும்னு சொன்னேன்."

"என் கிளாஸ்ல இப்படிச் சொன்னா முட்டைதான் போடுவேன். எந்திரிங்க."

எழுந்தார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத வம்சமாயிற்றே, கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நீ அடிக்கிறதுக்குள்ள எழுத்து வந்து நிக்குது பாரு, அதான் ப்ராசஸர்!" என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் வினாத்தாள் முடிந்தது.

அடுத்த வாரம் அண்ணி போனில் அழாத குறை. பழையதைக் கடையிலேயே போட்டுவிட்டு, அதைவிட வேகமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம் மனுஷர்.

டீச்சர் அதை வீட்டுக்காரர் காதில் போடவே இல்லை.