இறக்கத்தில் வாங்கிய வண்டி

தீர்த்தன் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்காமல் வாங்கினான் என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். ஓட்டித்தான் பார்த்தான். ஐந்து கிலோமீட்டர் முழுசாக ஓட்டிப் பார்த்தான். எந்தப் பக்கமாக ஓட்டினான் என்பதில்தான் வந்தது வினை.

சித்தேரி மலையில் ஒரு பழக்கம் உண்டு. மேலிருந்து இறங்கும்போது யாரும் இன்ஜினை ஓடவிட மாட்டார்கள். முதல் வளைவு திரும்பியதும் சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வழுக்கிக்கொண்டே வந்துவிடுவார்கள். பெட்ரோல் விற்கிற விலையில் இறக்கத்துக்கும் பெட்ரோல் செலவழிக்கிறவன் கிறுக்கன் என்பது அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். தீர்த்தனுக்கு அதில் பெருமை வேறு. மச்சான் வண்டியை மலை உச்சியிலிருந்து நடுமலையில் இருக்கும் தன் வீட்டு வாசல் வரைக்கும் ஒரு சொட்டு செலவில்லாமல் கொண்டுவந்து நிறுத்திய கதையை, கேட்காதவர்களிடமும் சொல்லுவான்.

வண்டியை விற்றவன் பூபதி. மேலே ரோடு போட வந்த கான்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தவன். வேலை முடிந்து சேலத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். "நீங்களே ஓட்டிப் பாத்துக்கங்க, அப்புறமா குத்தம் சொல்லக் கூடாது" என்று சாவியைத் தீர்த்தன் கையிலேயே கொடுத்துவிட்டு, இன்னொருவன் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டு வந்தான். தீர்த்தன் உதைத்தான், வண்டி கிளம்பியது, முதல் வளைவு வந்தது. அவன் கை தானாகச் சாவிக்குப் போய்விட்டது. அப்புறம் என்ன, காற்று முகத்தில் அடிக்க, வீட்டு வாசலில் வந்துதான் நின்றான்.

"வெண்ண மாதிரி வருதுங்க. கொஞ்சங்கூடச் சத்தமே இல்ல" என்று பூபதியிடம் சொன்னான்.

அணைத்து வைத்த இன்ஜின் எப்படியப்பா சத்தம் போடும்? அதைக் கேட்க அந்த இடத்தில் ஆளில்லாமல் போயிற்று. வீட்டுக்குள் இருந்த அவன் மனைவி ரேவதி மட்டும், "விஷயம் தெரிஞ்ச ஆளு யாரையாச்சும் கூட்டியாந்து காட்டலாமே மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். "ஏன், எனக்குத் தெரியாதா வண்டியப் பத்தி?" என்றான். அந்த வருஷத்துப் புளி விற்ற காசும் இரண்டு வெள்ளாடு விற்ற காசும் பூபதி பைக்குள் போயின.

வண்டி வாங்கியதே ரேவதிக்காகத்தான். ஐந்து வருஷம் மனு மேல் மனு எழுதிப் போட்டு, மேல்சோலையில் இருக்கும் பால்வாடியில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. மேல்சோலை அவர்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர், எல்லாம் ஏற்றம். பஸ் பத்தரைக்குத்தான் வரும். நடந்தே போகலாமென்றால், குழாயில் தண்ணீர் விடுவது ஏழரைக்கு. பிடித்து வைத்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர முடியும். பால்வாடியை ஒன்பதுக்குத் திறந்தாக வேண்டும். சூப்பர்வைசர் மணிமேகலை மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர். இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். "மூணாவது தடவையும் பூட்டு தொங்குச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இந்த வேலைக்கு இன்னும் நாலு பேரு மனு போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அந்த இரவு ரேவதி சாப்பிடவில்லை. அதைப் பார்த்துத்தான் தீர்த்தன் ஆட்டை அவிழ்த்துச் சந்தைக்குக் கொண்டு போனான்.

முதல் நாள் காலையில் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ரேவதியைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினான். முதல் வளைவில் வண்டி முனகியது. இரண்டாவதில் பின்னால் நீலப் புகை கிளம்பியது. மூன்றாவது வளைவில், ரேவதி இருமிக்கொண்டே ஏதோ கேட்க வாயைத் திறந்த நேரத்தில், உயிரை விட்டது. எத்தனை உதைத்தும் அசையவில்லை. ரேவதி ஒன்றும் பேசாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் அப்படிப் பேசாமல் போனதுதான் தீர்த்தனுக்குத் தாங்கவில்லை.

வண்டியை இறக்கத்தில் உருட்டிக்கொண்டே அடிவாரம் வந்து, அங்கிருந்து ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றிப் பாப்பிரெட்டிப்பட்டியில் அன்புவின் பட்டறைக்குக் கொண்டு போனான். அன்பு பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், கிக்கரைக் கையால் அமுக்கிப் பார்த்தான், புகைக்குழாயில் விரலை விட்டு எண்ணெயைத் துடைத்துக் காட்டினான்.

"பிஸ்டன் போச்சுண்ணா. சிலிண்டரு உள்ள தேஞ்சு கெடக்குது. கிளச்சும் முடிஞ்சுது. இழுவைங்கிறதே இல்ல இதுக்கு. வாங்கும்போது ஏத்தத்துல ஓட்டிப் பாத்தீங்களா?"

"எறக்கத்துல பாத்தேன்."

"இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சா?"

தீர்த்தன் சாவியைக் கைக்குள் உருட்டினான். அன்பு சிரித்திருந்தால்கூடத் தேவலை. "மலைக்காரங்க பாதிப் பேரு இப்புடித்தாண்ணா வாங்கிட்டு வராங்க" என்று ஏதோ காய்ச்சல் கண்டவனிடம் பேசுவதுபோல் சொன்னான். முழுசாகச் சரி பண்ணப் பன்னிரண்டாயிரம் ஆகும் என்றான். தீர்த்தனிடம் பன்னிரண்டு நூறுகூட இல்லை. "அப்ப கெட்டியான ஆயிலா ஊத்தி, பிளக்கு மாத்தித் தரேன். ஆனா ஒண்ணு. ஒத்த ஆளுன்னா மெதுவா ஏறும். ரெண்டு பேரு மட்டும் வேணாம்."

பட்டறை வாசலில் நின்றே பூபதிக்குப் போன் போட்டான்.

"அண்ணா, நான் என்ன உங்கள ஏமாத்துனேன்? சாவி உங்க கையிலதான இருந்துச்சு. அணைச்சது நீங்க. பின்னாடி வந்துட்டுதான இருந்தேன், எதுக்கு இவரு அணைக்கறாருன்னு நானே யோசிச்சேன்" என்றான் பூபதி. யோசித்தானாம். யோசித்தவன் வாயைத் திறக்க வேண்டியதுதானே. தீர்த்தனுக்கு வந்த கோபத்தில் போனையே சாக்கடையில் எறிந்திருப்பான், அதற்கும் தவணை பாக்கி இருந்ததால் எறியவில்லை. ஆனால் பூபதி சொன்னதில் பொய் என்று எதையும் எடுத்துக் காட்டவும் முடியவில்லை. அதுதான் அவனைப் போட்டு அறுத்தது.

வீட்டுக்கு வந்து ரேவதியிடம், "கார்ப்பரேட்டர்ல தூசி. சுத்தம் பண்ணியாச்சு" என்றான். ஒற்றை ஆள் என்றால் ஏறும் என்று அன்பு சொன்னதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? மேலே வேலை இருப்பது அவளுக்கு. ஒற்றை ஆள் என்றால் அது அவள்தான். வண்டியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தான் வாசலில் நிற்க வேண்டும், கூடவே தான் ஏமாந்த கதையையும் ஒப்பிக்க வேண்டும். பொண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்து மேல்சோலைக்குள் நுழைவதை அவன் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த ஒரு வாரம் என்ன நடந்ததென்று நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தினமும் இரண்டு பேரும் ஏறினார்கள், தினமும் மூன்றாவது வளைவில் வண்டி படுத்தது, தினமும் ரேவதி அங்கிருந்து நடந்தாள். ஒருநாள் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்றான். ஒருநாள் பனி என்றான். ஒருநாள் அவள் பை கனக்கிறது என்றான். அந்தப் பையில் நாலு பதிவேடும் ஒரு சோற்றுத் தூக்குப்போசியும்தான் இருந்தன. ரேவதி அதற்கு அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பால்வாடி ஒன்பதேகால், ஒன்பது இருபது என்று திறந்துகொண்டிருந்தது. மேடம் அந்த வாரம் வராதது யார் செய்த புண்ணியமோ.

அதற்கடுத்த வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் தாமதமாக வந்ததால் அரைமணி நேரம் கழித்துத்தான் கிளம்பினார்கள். வழக்கமான இடத்தில் வண்டி நின்றபோது ரேவதியின் போன் அடித்தது. அந்த வளைவில் மட்டும் டவர் நன்றாகக் கிடைக்கும். பேசியது மாதம்மாள், பால்வாடியில் சமைத்துப் போடும் ஆயா.

"டீச்சர், எங்க இருக்கறீங்க? மேடம் ராத்திரியே மேல வந்து தங்கிட்டாங்களாம். சரியா ஒம்பதுக்கு இங்க வராங்கன்னு சொல்றாங்க. சாவி உங்ககிட்டத்தான இருக்குது."

மணி எட்டு முப்பத்தைந்து. மேல்சோலைக்கு இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர். ஓடினாலும் முடியாது. ரேவதி போனைப் பைக்குள் போட்டுவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருஷம் காத்துக் கிடந்து வாங்கிய வேலை இருபத்தைந்து நிமிஷத்தில் போகப் போகிறது. அவள் முகத்தைப் பார்க்கத் தீர்த்தனுக்குத் தைரியமில்லை. வண்டியை ஓங்கி ஓர் உதை விட்டான். பூபதியைத் திட்டினான், பூபதியைப் பெற்றவளைத் திட்டினான், அன்புவைத் திட்டினான், பஸ்ஸைப் பத்தரைக்கு விட்டவனைத் திட்டினான், ஒன்பது மணிக்குப் பால்வாடியைத் திறக்கச் சொன்னவனையும் விடவில்லை.

"திட்டி முடிச்சீங்களா?" என்றாள் ரேவதி.

"சனியன் புடிச்ச வண்டி. ஒத்த ஆளுன்னா மட்டும் ஏறுமாம். ரெண்டு பேருன்னா ஏறாதாம்." ஆத்திரத்தில் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

ரேவதி நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

"அன்பு."

"எப்ப?"

தீர்த்தன் ஹேண்டில்பாரைத் துடைத்தான்.

"எப்ப சொன்னான் மாமா?"

"மொத நாளே."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. எழுந்து வந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை நீட்டினாள். "சாவி."

"உனக்குக் கியரு வண்டி ஓட்டத் தெரியாது புள்ள."

"எங்கம்மா வூட்ல மொபெட்டுல அரிசி மூட்ட ஏத்திட்டு வந்தவதான் நானு. கியரை நீங்களே போட்டு வுடுங்க."

வேறு வழி? இன்ஜின் சற்று ஆறியிருந்தது. ஆறாவது உதையில் கிளம்பியது. ரேவதியை உட்கார வைத்து, கிளச்சைப் பிடிக்கச் சொல்லி, முதல் கியரில் போட்டான். "இடது காலை அசைக்காத. கிளச்ச மெல்லமா வுடு. நிக்கணும்னா பிரேக்கப் புடி, அதுவே அணைஞ்சுபோயிரும்" என்றான். முதல் தடவை விட்டபோது குதித்து அணைந்தது. இரண்டாம் தடவையும் அணைந்தது. மூன்றாம் தடவை வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே பத்தடி ஓடினான். அதற்குமேல் ஓட முடியாமல் விட்டுவிட்டான்.

அவள் முதல் கியரிலேயே ஏறினாள். மாற்றத் தெரிந்தால்தானே மாற்றுவாள். இன்ஜின் தொண்டை கிழியக் கத்தியது, புகை மரங்களுக்குள் நுழைந்தது, ஆனால் நிற்கவில்லை. நாலாவது வளைவில் சேலை நிறம் ஒருமுறை தெரிந்து மறைந்தது. அப்புறம் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்தாவது. ஆறாவது. தீர்த்தன் நடு ரோட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில், எங்காவது நின்று தொலைக்கட்டுமே என்று அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அவனுக்கே அசிங்கமாகிவிட்டது. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். அந்தக் காலையில் அவன் திட்டியதில் அது ஒன்றுதான் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மேல்சோலைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நாற்பது. பால்வாடி திறந்திருந்தது. வண்டி வேப்பமரத்தடியில் சாய்ந்து நின்றது, இன்னும் சூடு அடங்காமல். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சத்துமாவு உருண்டையை மூக்கு வரைக்கும் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடம் மேஜையில் பதிவேட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இவரு?"

"எங்க வூட்டுக்காரருங்க."

"இப்படி வேர்த்துக் கொட்டுதே. நடந்தா வந்தாரு? வெளிய வண்டி நிக்குதே."

"அது ஒரு ஆளுக்குத்தாங்க ஏறும்" என்றாள் ரேவதி.

மேடம் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்பது மணிக்குத் திறந்திருந்தது என்று தன் கையாலேயே எழுதினார். "பரவால்ல, நீங்களே ஓட்டப் பழகிட்டீங்க. இனிமே நான் காலைல வந்து பயமுறுத்த வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ரேவதி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் இடது கையில் கட்டை விரலுக்குக் கீழே கிளச் அழுத்திச் சிவந்திருந்தது. தீர்த்தன் தண்ணீரை முழுக்கக் குடித்தான். இந்த வேலை போயிருந்தால் அது பூபதியால் போயிருக்காது, தன்னால்தான் போயிருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"கடன ஒடன வாங்கியாச்சும் அன்புகிட்ட வுட்டு இன்ஜினச் சரி பண்ணிடறேன் புள்ள" என்றான். "அப்புறம் ரெண்டு பேருமே வரலாம். நானே கொண்டாந்து வுடறேன்."

"பண்ணலாம்" என்றாள் ரேவதி. உள்ளே ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே அவள் திரும்பினாள்.

"ஆனா நாளையிலிருந்து நீங்க வர வேணாம் மாமா. எனக்கு வண்டி மட்டும் போதும்."