சீட்டை முன்னால் நகர்த்தியது யார்?

"சாவியை வச்சிட்டு ஷெட்டைக் காலி பண்ணு! இதுக்கு மேல பேச்சே கிடையாது!"

"பண்றேன். முதல்ல என்ன உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டுக் கத்துங்க அண்ணே!"

இந்த இரண்டு குரலும் என் சமையலறை ஜன்னலுக்கு வந்தபோது அடுப்பில் பால் இருந்தது. அணைத்துவிட்டேன். பாலை எப்போது வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளலாம். காலிக் குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்; வெறுங்கையோடு போய் நின்றால் வேடிக்கை பார்க்க வந்தவள் என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் குரல் டர்போக்காரருடையது. அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் டர்போ இன்ஜின் வைத்த அந்தக் கறுப்புக் காரை வாங்கிய நாளிலிருந்து மனுஷர் வாயில் வேறு பேச்சே இல்லை. முந்நூற்று நாற்பது குதிரையின் பலமாம் அதற்கு. எங்கள் தெருவில் அதை ஓட்டினால் முந்நூற்று முப்பது குதிரை சும்மாதான் நிற்க வேண்டும்.

இரண்டாவது குரல் போல்ட்டக்கா. டர்போக்காரர் வீட்டுக் கீழ்த்தளத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறாள். பின்னால் இருக்கும் ஓர் அறையில்தான் குடியிருப்பு. ஷெட் போனால் பிழைப்பும் போகும், படுக்க இடமும் போகும். ஆள் குட்டை, பானெட்டுக்குள் எட்டிப் பார்க்க ஒரு முக்காலி மேல் ஏறி நிற்பாள். இந்த உயரம்தான் அன்றைக்கு அவளுக்கு வினையாக வந்தது.

விஷயம் இதுதான். கார் கிளம்பும்போதெல்லாம் உள்ளே "டக்" என்று இடிக்கிறது. சிக்னலில் நின்றால் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்குகிறது. இன்ஜினைக் காரின் சட்டத்தோடு பிடித்து வைக்க ரப்பரும் இரும்பும் சேர்ந்த கட்டைகள் உண்டு, மவுண்டிங் என்பார்கள். அதில் ஒன்று கிழிந்து, சில மாதம் முன்புதான் போல்ட்டக்கா மாற்றிக் கொடுத்தாள். இப்போது மறுபடி அதே இடி.

"புது மவுண்டிங் இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போகும்? நான் மத்தியானம் தூங்கற நேரத்துல நீ வண்டியை எடுத்துட்டுச் சுத்தறே. கார் சாவி வாசல் ஆணியிலதானே தொங்குது? ரெண்டு தடவை பார்த்துட்டேன், டிரைவர் சீட்டு முன்னாடி நகர்ந்திருக்கு. இந்த வளாகத்துல அந்த உயரத்துக்கு யாரு இருக்கா?"

போல்ட்டக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "குட்டையா இருக்கறது குத்தம்னா எங்கம்மாவைக் கேளுங்க."

நடுவில் மாடிப்படியிலிருந்து மூன்றாவது குரல் இறங்கியது. டர்போக்காரரின் மனைவி. "எனக்குச் சாவியைத் தொடக்கூட அனுமதி இல்லை. அந்த சீட்ல எந்தக் குட்டச்சியை உட்கார வச்சு ஓட்டச் சொல்லிக் கொடுக்கறீங்க? அதையும் சொல்லிடுங்க, தெரு கேட்கட்டும்."

தெரு என்றால் நான்தான். கூடையைக் கீழே வைத்தேன்.

"ஏய், நான் மெக்கானிக்கைக் கேட்டுக்கிட்டிருக்கேன்!"

"நான் உங்களைக் கேட்டுக்கிட்டிருக்கேன்!"

அந்தம்மாவுக்குப் பின்னால், துவைத்த துணிக் கூடையோடு டர்போக்காரரின் தங்கை நின்றாள். முப்பதை நெருங்குகிறாள், கல்யாணமாகவில்லை, வாய் திறக்கமாட்டாள். வாய் திறக்காதவர்களை நான் என்றைக்குமே நம்பியதில்லை.

போல்ட்டக்கா உள்ளே போய், போன தடவை கழற்றிய பழைய மவுண்டிங்கை எடுத்து வந்து எல்லார் மூக்குக்கும் நேராக நீட்டினாள். "நல்லா பாருங்க. வயசாகிப் போன ரப்பர் வறண்ட நிலம் மாதிரி வெடிச்சிருக்கும். இது அப்படியில்லை, துணியைக் கிழிச்ச மாதிரி கிழிஞ்சிருக்கு. அப்பவே சொன்னேன். யாரோ பிரேக்கை விடாமலே ஆக்சிலேட்டரையும் மிதிக்கிறாங்க. வண்டி நகராது, இன்ஜின் மட்டும் முறுக்கிக்கிட்டுத் துள்ளும். அத்தனை குதிரையும் இந்த ரப்பரைத்தான் உதைக்கும்."

"அந்த வண்டியை ஓட்டறவன் நான் ஒருத்தன்தான். நான் அப்படி ஓட்டறதில்லை. அப்போ டெஸ்ட் பண்றேன்னு சொல்லி நீயேதான் மிதிச்சு உடைச்சிருக்கே."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை. என்ன சொன்னாலும் அது அவள் தலையில் வந்து விழுந்தது. எனக்கும், உண்மையைச் சொன்னால், அவள்மேல் கொஞ்சம் சந்தேகம்தான். மத்தியானம் ஷெட்டில் சத்தமே இருக்காது. அந்த வீட்டில் கார் நிற்கிற பின்கதவுப் பக்கம் என் ஜன்னலுக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்தைக் கட்டினவன் நன்றாக இருக்கட்டும்.

"சரி, நான் தொடவே இல்லை, நீங்களே உட்காருங்க" என்றாள் போல்ட்டக்கா. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாள். பானெட்டைத் திறந்து, பக்கவாட்டில் முக்காலியைப் போட்டு ஏறினாள். "பிரேக்கை நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு கியரை 'டி'-யில போடுங்க. லேசா, ஒரே ஒரு தடவை, ஆக்சிலேட்டர் கொடுங்க. மவுண்டிங் நல்லா இருந்தா இன்ஜின் கொஞ்சமா அசையும். போயிருந்தா எழுந்து நிக்கும். அத்தே, வண்டிக்கு முன்னாடி நிக்காதீங்க, ஓரமா வாங்க."

அத்தை என்றதும் நான்தான். நகர்ந்தேன், பார்வை மறைக்காத பக்கமாக.

டர்போக்காரர் உட்கார்ந்தார். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார், பெடல் இரண்டுதான்; இரண்டையும் வலது காலாலேயே மிதித்துப் பழகியவர். வலது கால் பிரேக்கில் இருந்தது. ஆக்சிலேட்டருக்கு இன்னொரு கால் வேண்டுமே! இடது காலைக் கொண்டுவந்தார். அது அவருக்கு மச்சினன் கால் மாதிரி, சொன்ன பேச்சே கேட்கவில்லை. எங்கேயோ போய் மிதித்தது, கார் கட்டையில் முட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்தம்மா வீல் என்று கத்தினாள்.

"போதும் அண்ணே, இறங்குங்க. நாளைக்கு வேற யாரையாவது கூட்டிட்டு வந்து பார்க்கலாம்."

"நாளைக்கெல்லாம் நீ இங்க இருக்கமாட்டே."

அப்போதுதான் துணிக் கூடை படியில் இறங்கிய சத்தம் கேட்டது.

"நான் உட்காரட்டுமா?" என்றாள் தங்கை.

"உனக்கு என்ன தெரியும்?"

"ரெண்டு பெடலையும் அமுக்கணும். அவ்வளவுதானே அண்ணா."

உட்கார்ந்தாள். அவள் கை பார்க்காமலே சீட்டின் பக்கவாட்டுக்குப் போனது, பொத்தானைப் பிடித்தது, சீட் முனகிக்கொண்டு முன்னால் வந்தது. பழகின வீட்டில் இருட்டில் விளக்குப் போடுகிற மாதிரி. பிறகு இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலேட்டரில், ஜோடியாக, அழகாக இறங்கின. இன்ஜின் உறுமிக்கொண்டு, விருந்தாளியைக் கண்ட வீட்டுக்காரன் போல ஒரு பக்கமாக எழுந்தது. "டக்."

"பார்த்தாச்சு, அணைச்சிடு" என்றாள் போல்ட்டக்கா. முக்காலியிலிருந்து இறங்கி வந்தவள் அந்த இரண்டு கால்களையும் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கதவுக்கும் டர்போக்காரருக்கும் நடுவில் வந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். "மவுண்டிங் போயிருக்கு. அவ்வளவுதான் விஷயம்."

ஒரு வார்த்தை சொன்னால் ஷெட் தப்பிக்கும். அவள் சொல்லவில்லை. ஏற்கெனவே தெரிந்திருக்குமோ? அதை இன்றுவரை அவளிடமிருந்து என்னால் பிடுங்க முடியவில்லை.

தங்கைதான் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிச் சொன்னாள். "அண்ணா, அக்காவைக் காலி பண்ணச் சொல்லாதீங்க. நான்தான் எடுத்தேன்."

"எப்போ?"

"நீங்க குறட்டை விடும்போது. பின்கதவு வழியா. தொழிற்சாலை ரோடு வரைக்கும் போயிட்டு வருவேன்."

"ரெண்டு காலாலயா ஓட்டினே?"

"ரெண்டு கால் இருக்கு, ரெண்டு பெடல் இருக்கு. ஒரு காலை எதுக்குச் சும்மா வைக்கணும்?"

படியில் நின்ற அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷன் பேரில் இருந்த சந்தேகம் போனதில் பாதி, அவர் முகத்தைப் பார்த்ததில் பாதி.

மறுநாள் போல்ட்டக்கா எல்லா மவுண்டிங்கையும் மாற்றினாள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதெல்லாம் அதன் மேல் சாய்ந்துகொள்ளுமாம், கூட்டுக்குடும்பம் மாதிரி. பலகை வைத்து, ஜாக்கியால் இன்ஜினைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கினாள். டர்போக்காரர் டார்ச் பிடித்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை, சந்தேகம் மட்டும் வந்தது.

"போல்ட்டை ஏன் இன்னும் முழுசா முறுக்கலை?"

"இன்ஜின் தன் கனத்தோட முதல்ல உட்காரட்டும் அண்ணே. தூக்கிப் பிடிச்சிருக்கும்போதே முறுக்கினா ரப்பர் கோணிக்கிட்டே கிடக்கும், மறுபடி கிழியும். டார்ச்சை ஆட்டாதீங்க."

ஷெட்டைக் காலி செய்யும் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. மத்தியானங்களில் போல்ட்டக்கா அந்தப் பெண்ணின் இடது காலை ஒரு துணிப்பட்டையால் சீட்டோடு கட்டிவைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். இந்த முறை முன்கதவு வழியாகத்தான் போனார்கள். என்ன பேசிச் சிரித்தார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

தங்கை இப்போது எங்கள் ஊரில் இல்லை. வேறு ஊரில் விமான நிலையத்துப் பஸ் ஓட்டுகிறாள். அங்கேயே சாமான் ஏற்றும் பிரிவில் வேலை செய்யும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். யார் பார்த்து வைத்த வரன் என்று கேட்டேன். போல்ட்டக்கா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "எனக்கென்ன தெரியும் அத்தே" என்றாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற அதே குரல். போன மாதம் புருஷனும் பெண்டாட்டியும் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை பனைமர உயரம். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். டிரைவர் சீட் முன்னால் நகர்ந்துதான் இருந்தது.