நாரைக் கூட்டுக்குத் தலைவர்

மரம் அறுக்கும் செயின்சோ அலறியது. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் கோழிகள் சிதறி ஓடின. தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டுவிட்டு ஷாமிளா மேட்டுக்கு ஓடினாள்.

றக்வானப் பாதைக்கு மேலே நிற்கும் பழைய வாகை மரத்தில் பெருநாரை ஜோடி ஒன்று கூடு வைத்திருந்தது. நாட்டிலேயே அருகிப்போன பறவை. போன வருஷத்துக் கூட்டின் மேலேயே புதுச் சுள்ளிகளை அடுக்கி, உள்ளே பச்சிலை பரப்பியிருந்தன. இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள். வெயில் ஏறினால் தாயோ தகப்பனோ சிறகை விரித்துக் குடை பிடிக்கும். மிச்சத்தை மரத்து இலைகள் பார்த்துக்கொள்ளும்.

குஞ்சுகள் பறக்கும்வரை சத்தம் கூடாதென்று லயம் லயமாக நடந்து கெஞ்சியவள் ஷாமிளா. அதனால் போன வாரம் மாரியம்மன் திருவிழாவில் தப்பு மேளமும் இல்லை, வெடியும் இல்லை. கரகம் சாவு வீட்டுக்குப் போவதுபோல் பின்பாதையால் போனது. கோயில் தலைவர் முத்துவீரன் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "குஞ்சு பறக்கலன்னா இனி ஒம் பேச்ச இந்தத் தோட்டத்துல ஒருத்தனும் கேக்க மாட்டான், புள்ள."

நாரைப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் அஜந்தனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. டவுனில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர். சங்கத்தின் சொத்து ஒரு பேனரும் அதில் அவர் முகமும். பேனரில் நாரை ஓரமாக, கொசு அளவில் நின்றது. கழுத்தில் எந்நேரமும் தொங்கும் பைனாகுலரின் மூடியை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

ஷாமிளா போய்ச் சேர்ந்தபோது பாதி மரம் தரையில் கிடந்தது. மழைக்கு முன்னால் தேயிலை மலையில் நிழல் மரக் கிளை கழிக்கும் ஆட்களையே அஜந்தன் கூட்டி வந்திருந்தார். அவர்களும் பழக்கப்படி இலைக் கொப்புகளை ஒன்றுவிடாமல் வெட்டித் தள்ளியிருந்தார்கள். உச்சியில் கூடு மட்டும் நிர்வாணமாக நின்றது. நாரைகள் இரண்டும் இறங்க அஞ்சி எட்டத்தில் வட்டமடித்தன.

"அண்ணே, என்ன வேல செஞ்சிருக்கீங்க!"

"ரோட்லேருந்து பாத்தா ஒரு மண்ணும் தெரியல தங்கச்சி. நாளைக்கி கொழும்புலேருந்து பெரிய ஆளுங்க வாறாங்க."

பின்னால் மூச்சிரைக்க வந்த முத்துவீரன் கேட்டார்: "சாமிக்கு வெடி போட்டா நார பயந்துரும்னு மைக்குல கத்துனீங்களே தலைவரே, இந்த மெஷினு என்ன தாலாட்டா பாடுது?"

"அது வேற, இது வேற. இது பாதுகாப்பு வேல."

செயின்சோ நின்றது. நாரைகள் இறங்கவில்லை. காக்கைகள் இறங்கின. ஷாமிளா கல்லெறிந்து கத்தினாள். கல் பாதி உயரம்கூடப் போகவில்லை. ஒரு காக்கை வாயில் எதையோ கவ்விப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

முத்துவீரன் மரத்தைப் பார்க்கவில்லை. ஷாமிளாவைப் பார்த்தார். "அடுத்த வருஷம் வெடி ரெண்டு மடங்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

"ரெண்டு குஞ்சும் போயிருச்சுண்ணே!" ஷாமிளா அஜந்தனிடம் திரும்பினாள்.

அஜந்தன் போனை உயர்த்தி ஒரு படம் எடுத்தார். சரிபார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"குஞ்சு போனா என்ன தங்கச்சி, கூடு இப்ப பளிச்சுன்னு தெரியுதுல்ல?"